படலையில் நின்று கேட்ட மூன்று கேள்விகள்

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. விறாந்தைச் சுவரில் தொங்கிய மணிக்கூட்டை அப்பா திரும்பிப் பார்த்து, "பத்துப் பத்து. வெளிக்கிடுவம்" என்று சத்தமாகச் சொன்னார். அம்மாவின் கையில் வெற்றிலைத் தட்டம். கலியாணத் தரகரின் கையில் குடை. வெளியே ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், வாடகைக்குப் பிடித்த பழைய மொறிஸ் மைனர் கார் நடுங்கிக்கொண்டு நின்றது. நான் எங்கள் சண்டிலிப்பாய் வீட்டின் படலையில், அதாவது வேலியின் வாசல் கதவில், ஒரு காலை ஊன்றி ஏறி நின்றேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா படலையைத் திறக்கக் கையை வைத்தார். நான் கேட்டேன்.

"அப்பா, எங்கை போறியள்? ஏன் போறியள்? உங்களை ஆர் மறிக்கினம்?"

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் குழம்பும். கேட்டே ஆகவேண்டும் என்றால், "தூரமோ?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்கலாம். நான் எங்கே என்று கேட்டது மட்டுமல்ல, ஏன் என்றும் கேட்டு, யார் தடுக்கப்போகிறார்கள் என்றும் விசாரித்துவிட்டேன்.

நான்காம் ஆண்டில், அந்த நீள வாங்கில் என்னோடு நெருக்கிக்கொண்டு இருந்தவர்களே, இந்தக் கேள்விகள் உங்களுக்கு மறந்திருக்காது. எனக்குச் சொல்லித் தந்தவர்தான் உங்களுக்கும் சொல்லித் தந்தார். அவற்றால் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் உங்களுக்கு நான் சொன்னதில்லை. பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று உங்களில் இரண்டு பேர் கேட்டபோது, எழுத ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பிவிட்டேன். பிறகு போன மாதம் ஒரு காரியம் நடந்தது.

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். மேலே ஒரு வீடு, கீழே ஒரு மலை, நடுவே ஒரு வளைந்த பாதை. "உன் கதையில் வருபவர் எங்கே போகிறார்? ஏன்? அவருக்கு வரும் தடை என்ன?" என்று அச்சடித்திருந்தது. அடுத்த நாள் காலை, ஒரு பரிசோதனை முடிவை வாங்கப் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கு நானும் என் கணவரும் வெளிக்கிட்டபோது, மகள் அந்தத் தாளோடு கேற்றடிக்கு ஓடி வந்து, "அம்மா, எங்கை போறியள்?" என்றாள். நான் அப்படியே திரும்பி உள்ளே போனேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். கதிரையில் உட்கார்ந்தேன். என் கணவர் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தபடியே சிரித்தார். பட்டம் படித்தவள், நாற்பதைத் தொடப்போகிறவள், கதிரையில் இருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதனை முடிவில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் பயம் இன்னும் முழுதாக விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ரீச்சர் என்று கூப்பிட்டவரை நான் வீட்டில் சின்னம்மா என்று கூப்பிட்டேன். அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். தொண்டர் ஆசிரியர். அதாவது சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறவர். நிரந்தர நியமனம் அடுத்த தவணை வரும் என்று ஒவ்வொரு தவணையும் சொன்னார்கள். அவருக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. சாதகத்தில் செவ்வாய் இருக்கக்கூடாத வீட்டில் இருந்தபடியால், வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகக் குறிப்போடு திரும்பிப் போயின. பள்ளிக்கூடத்தில் அவர் சிரித்த அளவுக்கு வீட்டில் சிரித்து நான் கண்டதில்லை.

எங்கள் வகுப்பின் பாதிக் கூரை ஓலை, பாதி தகரம் என்பது நினைவிருக்கிறதா? பக்கத்துத் தோட்டத்தில் புகையிலை வெட்டிக் காயப்போட்டிருந்த நாட்களில், எழுத்து எழுத மூக்கு எரியும். அந்தத் தவணையின் முதல் நாள் சின்னம்மா இரண்டு கதிரைகளை எதிரெதிரே வைத்து, குறுக்கே ஒரு பனைமட்டையைக் கிடத்தினார்.

"இது என்ன?"

"பனைமட்டை ரீச்சர்."

"இல்லை. படலை. இண்டையிலிருந்து எல்லாக் கதையும் இதிலைதான் துவங்கும். வீட்டுக்குள்ளையே இருக்கிற ஆளுக்குக் கதை இல்லை. படலையைத் திறந்து வெளியிலை காலை வைக்கிறவருக்குத்தான் கதை. அவர் வெளியிலை வரேக்கை நீங்கள் மூண்டு கேள்வி கேக்கவேணும். எங்கை போறியள்? ஏன் போறியள்? உங்களை ஆர் மறிக்கினம்? மூண்டுக்கும் மறுமொழி இருந்தால் அது கதை. பிறகு அவர் திரும்பி வரேக்கை வடிவாப் பாருங்கோ. போன ஆள்தானோ வந்தவர், இல்லாட்டி மாறியிட்டாரோ எண்டு."

அன்று முதல் எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொருவராய்ப் பனைமட்டையைத் தாண்டினோம். நரியாய், ராசாவாய், பறங்கிக்காயாய், காய்ச்சல்காரராய்த் தாண்டினோம். வாங்கில் என் வலப்பக்கம் இருந்தவன், இப்போது கனடாவில் இருக்கிறான், இதை வாசித்தால் தன்னைத் தெரிந்துகொள்வான், ஆடாய்த் தாண்டினான்.

"எங்கை போறாய்?" என்று வகுப்பே கத்தியது.

"புல்லுத் தின்ன."

"ஏன் போறாய்?"

"பசிக்குது."

"உன்னை ஆர் மறிக்கினம்?"

"ஒருத்தரும் மறிக்கேல்லை. போய்த் தின்னுட்டு வந்திட்டன்."

"அப்ப கதை எங்கை ராசா? தடை ஒண்டும் இல்லையே?" என்றார் சின்னம்மா.

"இல்லை ரீச்சர். அது நல்ல ஆடு."

சின்னம்மா கரும்பலகையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, சோக்குக் கையால் துடைத்து, முகமெல்லாம் வெள்ளையானது. முன்வாங்கில் இருந்த ஒருத்தி, ஆட்டுக்குத் தடை போதாது என்று தன் கதையில் ஏழு தடை வைத்தாள். பாம்பு, மழை, முள், இன்னொரு பாம்பு, காய்ச்சல், ஆமியின் சோதனைச் சாவடியான சென்றி, கடைசியாக அவளுடைய மாமி. கதைக்குள் போன ஆள் திரும்பி வரவேயில்லை. "பிள்ளை, ஒரு தடை காணும். ஆனால் அது உண்மையான தடையா இருக்கவேணும்" என்றார் சின்னம்மா.

இன்னொரு விளையாட்டும் இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைச் சீனிப் பைகளைக் கீலம் கீலமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு வரியை எழுதி, எங்கள் கைகளில் தருவார். நாங்கள் கலைந்து நிற்போம். "என்ன முதல், என்ன பிறகு?" என்று அவர் கேட்க, இடித்துத் தள்ளி ஒழுங்காய் நிற்கவேண்டும். 'பூனை பாலைக் குடித்துவிட்டது' என்ற கீலத்தை வைத்திருந்த நெட்டையன், தான்தான் உயரம் என்று முதலில் போய் நின்றான். "தம்பி, நீ முதலிலை நிண்டால் இவையெல்லாம் இனி என்னத்துக்கு?" என்று சின்னம்மா கேட்டார். அந்தக் கீலங்களில் சீனி மணக்கும். நக்கியவர்கள் யார் யார் என்று நான் எழுதவில்லை.

கேள்விகள் வகுப்புக்குள் நிற்கவில்லை. பள்ளி விட்டதும் ஒழுங்கைக்கு ஓடினோம். குருநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர்தான் எங்கள் முதல் ஆள். பின்னால் பெட்டி கட்டி, ரப்பர் ஹோர்னை அமத்திக்கொண்டு வருவார்.

"எங்கை போறியள்?"

"மீன் விக்க."

"ஏன் போறியள்?"

"வீட்டிலை அஞ்சு வாய் இருக்கு."

"உங்களை ஆர் மறிக்கினம்?"

அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றிச் சிரித்தார். "மறிக்கிறதுக்கோ ஆளில்லை? பாலத்தடியிலை மறிச்சவங்கள், தட்டாதெருவிலை மறிச்சவங்கள், இப்ப நீங்களும். விடுங்கோ பிள்ளையள், சூடை மீன் பழுதாகப்போகுது."

புகையிலைத் தோட்டக்காரர் அப்படிச் சிரிக்கவில்லை. அவர் தண்ணீர் இறைக்கும் மிஷினுக்கு எண்ணெய் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், அடுத்த நாள் காலை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் போனபின் பள்ளி அதிபர் எங்கள் வகுப்புக்கு வந்து, பனைமட்டையை எட்டி மிதிக்காமல் கவனமாகக் கடந்தார்.

"ரீச்சர், பிள்ளையள் ஒழுங்கையிலை நிண்டு போற வாற சனத்தை மறிச்சு, எங்கை போறாய், ஏன் போறாய் எண்டு விசாரிக்கினமாம்."

"ஓம் சேர். கதைப் பாடம்."

"விளங்குது. ஆனால் உந்த வேலைக்குச் சந்தியிலை ஏற்கனவே ஆக்கள் துவக்கோடை நிக்கினம். எங்கடை பிள்ளையளும் வேணுமே?"

சின்னம்மா சிரிப்பை மறைக்கத் தலை குனிந்தார். அதிபரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனார். அன்று மாலை அம்மா என்னைக் கிணற்றடியில் பிடித்துவைத்துச் சொன்னார்: "பள்ளிக்கூடத்திலை என்ன வேணுமெண்டாலும் கேள். வெளிக்கிடுற ஆளை மட்டும் எங்கை எண்டு கேக்கப்படாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் தப்பமுடியாது. தெரிந்துதான் கேட்டேன்.

பருத்தித்துறைச் சம்பந்தம் தவணை முடிவில் வந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கத்துச் சங்கக்கடை ஒன்றில் மனேச்சர். முப்பத்தெட்டு வயது. அவருக்கும் செவ்வாய். சாதகங்கள் பொருந்துகின்றன என்று தரகர் வந்து சொன்னபோது, அம்மா குசினி அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதார். சின்னம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். ஐந்து சதக் காசின் அகலத்தில், காதுகள் மட்டும் பெரிதாய்த் தெரிந்த படம். அதைத் தன் பாடக் குறிப்புக் கொப்பிக்குள் வைத்தார். அன்றிரவு சுவிங்கத் தாளை மடித்து எனக்கு ஒரு பூனை செய்து தந்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தப் பூனையை எங்கே தொலைத்தேன் என்று இன்றும் தேடுகிறேன்.

என் ஒன்பது வயது மூளை கணக்கை இப்படிப் போட்டது. சின்னம்மா எப்போதும் வீட்டுக்குள் இருக்கிறார். வீட்டுக்குள் இருக்கிறவருக்குக் கதை இல்லை. இப்போதுதான் அவருக்காகப் படலை திறக்கப்போகிறது. படலையில் யாராவது மூன்று கேள்வியும் கேட்டால்தான் கதை தொடங்கும். வேறு யார் கேட்பார்கள்? அம்மா கேட்கமாட்டார். தரகருக்குத் தெரியாது. நான் கேட்காவிட்டால், அந்த ஆடு புல்லுத் தின்னப் போனதுபோல் சும்மா போய்ச் சும்மா வந்துவிடுவார்கள். விடிய நாலு மணிக்கே எழும்பிவிட்டேன்.

பயண ஏற்பாட்டைத் தரகர் விளக்கினார். முதல் பேச்சுக்குப் பெண்வீட்டுப் பெரியவர்கள்தான் போவது; சின்னம்மா வீட்டில் இருப்பார். மூன்று பேராய்ப் போகக்கூடாது என்று அம்மா சொல்ல, "ட்ரைவரோடை நாலு" என்றார் தரகர். கார் பத்து மணிக்குத்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். "பத்தரைக்கு முதல் படலையைத் தாண்டினால் காணும். போய்ச் சேர்ந்து, தேத்தண்ணி குடிச்சு, பன்னிரண்டுக்குப் பிறகு கதையைத் துவங்கலாம். பின்னேரம் ஊரடங்குக்கு முதல் வந்திடலாம்."

பத்துப் பத்துக்கு நான் கேட்டேன்.

அப்பாவின் கை படலையிலேயே நின்றது. அம்மா, "ஐயோ" என்று மட்டும் சொன்னார். தரகர் குடையை மடக்கினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், நீங்கள் நம்பவேண்டும், மறுமொழிக்காகச் சிரித்துக்கொண்டு நின்றேன். யன்னலுக்குள்ளே சின்னம்மாவின் முகத்தைக் கண்டபோதுதான் சிரிப்பு நின்றது.

"எல்லாரும் உள்ளுக்கை வாங்கோ. தண்ணி குடிச்சிட்டு, ஒரு நாழிகை இருந்து வெளிக்கிடுவம். அதுக்கு அதுதான் பரிகாரம்" என்றார் தரகர்.

ஒரு நாழிகை என்றால் இருபத்துநாலு நிமிடம். எல்லோரும் விறாந்தையில் வரிசையாய் இருந்தார்கள். செம்பு கைமாறியது. மணிக்கூட்டுத் தொங்கல் ஆடியது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ட்ரைவர் படலைக்கு வெளியே காரைத் துடைத்துக்கொண்டு, "என்ன, போறதோ, போறேல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். இருபத்துநாலு நிமிடம் முடிய அப்பா எழும்பி மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து முப்பத்துநாலு.

"ராகுகாலம் பிறந்திட்டுது" என்றார். "இனிப் பன்னிரண்டுக்குத்தான்."

"பன்னிரண்டுக்கோ?" என்றார் ட்ரைவர். "ஐயா, பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டு, அவ்வளவு சென்றியும் தாண்டிப் பருத்தித்துறை போய், ஆறதலாச் சம்பந்தம் பேசி, ஊரடங்குக்கு முதல் எப்பிடித் திரும்புறது? நான் மாட்டன். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

கார் ஒழுங்கையில் முன்னே போய், பின்னே வந்து, திரும்பியது. டெலிபோன் இல்லாத காலம். வரவில்லை என்று அங்கே சொல்ல வழியில்லை. வரச்சொன்ன வீட்டுக்கு, சமைத்து வைத்துப் பார்த்திருக்கும் வீட்டுக்கு, சொல்லாமல் போகாமல் விடுவது என்றால் அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தம் இல்லை. அம்மா வெற்றிலைத் தட்டத்தைச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு வந்து, என் தொடையில் பிடித்த நுள்ளின் அடையாளம் ஒரு கிழமை கிடந்தது.

"உன்ரை சின்னம்மாவின்ரை சீவியத்திலை மண்ணைப் போட்டிட்டியே!"

நான் குசினிக்குப் பின்னால், அம்மிக்கு அருகில் போய்க் குந்தினேன். சின்னம்மா வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடினேன். அவர் எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அழாதை. எனக்குச் சொல்லு. இண்டைக்கு நடந்ததை ஒழுங்காச் சொல்லு. என்ன முதல், என்ன பிறகு?"

பாடம் நடத்துகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். தன் வாழ்க்கை எந்த இடத்தில் இறுகி நின்றது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார் என்பது, எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது.

மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னேன். கார் வந்தது. அப்பா பத்துப் பத்து என்றார். நான் கேட்டேன். எல்லோரும் உள்ளே வந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். தரகர் நாழிகை என்றார். அப்பா மணிக்கூட்டைப் பார்த்து ராகுகாலம் என்றார். ட்ரைவர் மாட்டேன் என்றார். கார் பின்னுக்கு வந்து வேலியில் முட்டப் பார்த்தது. கோயில் மணி அடித்தது. கார் போனது. அம்மா நுள்ளினார்.

"பொறு. கோயில் மணி எப்ப அடிச்சது?"

"கார் திரும்பேக்கை."

"அப்பா ராகுகாலம் எண்டு சொன்னதுக்கு முதலோ, பிறகோ?"

"பிறகு."

"நல்லா யோசி. முதலோ பிறகோ?"

"பிறகு சின்னம்மா. மணிச் சத்தத்திலை ட்ரைவர் போறன் எண்டு சொன்னது அப்பாவுக்குக் கேக்கேல்லை. திருப்பிச் சொன்னவர்."

சின்னம்மா எழும்பிய வேகத்தில் அம்மிக் குழவி உருண்டது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த வருடங்களில் நாட்டின் மணிக்கூடுகளை எல்லாம் அரை மணித்தியாலம் முன்னே தள்ளச் சொல்லியிருந்தார்கள். கந்தோர், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் புதிய நேரம். கோயிலும் பஞ்சாங்கமும் பழைய நேரம். யார் எந்த நேரத்தைச் சொன்னாலும், "பழசோ, புதுசோ?" என்று கேட்பது எங்கள் வழக்கமாயிற்று. அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். அரசாங்கம் சொன்னதுதான் நேரம் என்று, எங்கள் வீட்டில் பழைய நேரம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை.

"அத்தான்!" சின்னம்மா விறாந்தையில் நின்று அவ்வளவு சத்தமாய்க் கதைத்து நான் கேட்டதில்லை. "கோயிலிலை பத்து மணிப் பூசைக்கு இப்பதான், கொஞ்சம் பிந்தி, மணி அடிச்சது. நீங்கள் ராகுகாலம் எண்டு சொன்னதுக்குப் பிறகு!"

"அதுக்கென்ன பிள்ளை?"

"பத்து மணிக்கு எப்பிடி அத்தான் பத்தரை ராகுகாலம் பிறக்கும்? பஞ்சாங்கம் பழைய நேரம். உங்கடை மணிக்கூடு புதிய நேரம். இந்த மணிக்கூட்டிலை பதினொண்டு வரைக்கும் ராகுகாலம் இல்லை!"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பத்து நாற்பத்தெட்டு.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது" என்றார் தரகர்.

அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். சைக்கிளைத் தூக்கி, படலையை இடித்துத் திறந்து, ஒழுங்கையால் பறந்தார். கச்சேரிக்கு ஒரு நாளும் பிந்தாத, ஒரு நாளும் விரைந்து ஓடாத அப்பா! தரகர் குடையைத் தூக்கிப் பிடித்து, "கார்! ஏய், கார்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். அவர் பின்னால் அம்மா, சேலைக் கொய்யகத்தைப் பிடித்தபடி. அம்மாவுக்குப் பின்னால் நான். வெங்காயத் தோட்டத்தில் நின்ற சனமெல்லாம் நிமிர்ந்து பார்த்தது. ஒருவர், "எங்கை..." என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஓடிக்கொண்டே அழுதேன், ஓடிக்கொண்டே சிரித்தேன். தடை நான் இல்லை! மணிக்கூடு! உண்மையான தடை! இதை வகுப்பில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடி ஓடினேன்.

சந்தியில் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றார். கார் சென்றியைத் தாண்டிப் போய்விட்டது. சென்றியில் நின்றவன் அப்பாவின் மடித்துக் கட்டிய வேட்டியையும் தரகரின் குடையையும் பார்த்து, அடையாள அட்டையைக் கேட்டான். அது வீட்டில் கிடந்தது. அதை எடுத்துவரச் சின்னம்மாவிடம் நான்தான் ஓடினேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, எந்த நேரத்தில் பார்த்தாலும் பதினொன்றைத் தாண்டிவிட்டது.

அப்பா கதிரையில் ஏறி மணிக்கூட்டின் கண்ணாடியைத் திறந்தார். முள்ளில் விரலை வைத்தார். அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பப்போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திருப்பவில்லை. தூசியைத் துடைத்துவிட்டு மூடினார். "என்ன இருந்தாலும் உவள் கேட்டிராட்டி வெளிக்கிட்டிருப்பம்" என்றார். அது பொய்யில்லை. ஆனால் தான் பார்த்த நேரம் பிழை என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்த மணிக்கூடு பின்னர் ஓர் இடம்பெயர்வில் வீட்டோடு போயிற்று.

மத்தியானம் ஒருவரும் வடிவாய்ச் சாப்பிடவில்லை. தரகர் மட்டும் இரண்டாம் முறை சோறு வாங்கினார். "இனி அவையளிட்டை நான் எந்த முகத்தோடை போறது?" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். அம்மா எனக்குக் கட்டளை போட்டார்: "இனிப் படலையடியிலை உன்ரை வாய் திறக்கப்படாது."

சின்னம்மா அறையில் எங்கள் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் கதவு இடுக்கால் பார்த்தேன். சிவப்புப் பேனை கையில் இருந்தது. நான் நூறு வரை எண்ணினேன். பக்கம் புரளவில்லை. அது யாருடைய கொப்பியோ தெரியாது. உங்களில் ஒருவருடையதாய் இருக்கும். ஓடும்போது எழுந்த சந்தோஷம் முழுவதும் எனக்கு வடிந்துவிட்டது. மணிக்கூடுதான் தடை என்று கண்டுபிடித்துத் தந்தேனே, பிறகும் ஏன் சின்னம்மா பக்கம் புரட்டாமல் இருக்கிறார்?

நாலு மணி இருக்கும். புதிய நேரம். வெயில் ஒழுங்கையின் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கிவிட்டது. நான் படலையில் ஏறி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். சைக்கிள் ஒன்று வந்தது. ஒவ்வொரு வேலியாய்ப் பார்த்து, மெதுவாய் வந்தது. ஓட்டியவர் தலையிலிருந்து கால்வரை செம்மண். வெள்ளைச் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. பின் கரியரில் வாழைநாரால் ஒரு சாப்பாட்டு அடுக்கு கட்டியிருந்தது. அது வரும் வழியெல்லாம் உழுந்துவடை மணத்தது. காதுகள் பெரிது. படத்தில் பார்த்த அதே காதுகள்.

பருத்தித்துறையிலிருந்து அவ்வளவு தூரம் மிதித்து வந்திருக்கிறார். இனி ஊரடங்குக்குள் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்தே வெளிக்கிட்டிருக்கிறார். அன்று முதல் இன்றுவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுகிற மனிதரை அப்போதுதான் முதன்முதலில் கண்டேன்.

"பிள்ளை, படிப்பிக்கிற ரீச்சர் ஒராள் இருக்கிற வீடு இதுவோ?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏன், நீ கதைக்க மாட்டியோ?"

"கேக்கப்படாது" என்றேன். "படலையிலை நிண்டு எங்கை எண்டு கேட்டால் காரியம் குழம்பும். காலமை நான் கேட்டுத்தான் ஒருத்தரும் உங்கடை வீட்டை வரேல்லை."

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெரிய காதுகள் அசையச் சிரித்தார்.

"அது போற ஆளுக்கு. வாற ஆளைக் கேக்கலாம். கேள்."

எனக்குப் பின்னால் யன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"எங்கை... எங்கை வாறியள்?"

"இந்த வீட்டுக்கு."

"ஏன் வாறியள்?"

"வருவினம் எண்டு விடியத் துவங்கி ரோட்டைப் பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்லை. அவைக்கு என்னவோ ஏதோ எண்டு பாக்க வந்தனான்."

மூன்றாவது கேள்வி நாக்கு நுனியில் நின்றது. கேட்டேன்.

"உங்களை ஆர் மறிக்கினம்?"

அவர் படலையின் மேல் கையை வைத்தார்.

"நீதான் பிள்ளை மறிக்கிறாய். கொஞ்சம் விலத்து, நான் உள்ளுக்கை வர."